ஆத்தூரில் இன்று வெயில்

டிசம்பர் 3, ஞாயிறு

காலையில் இட்லி மாவு பொங்கி அடுக்களை மேடை முழுக்க வழிந்து கிடந்தது. அதைத் துடைத்துவிட்டு வந்து மெயிலைத் திறந்தால், ஞானராஜ் அதைவிடப் பெரிய வேலை வைத்திருக்கிறார். ஜனவரி முப்பத்தொன்றோடு ‘பையப்பைய’ தளத்தை மூடுகிறாராம். சர்வர் தந்த கம்பெனி பழைய கணக்குகளையெல்லாம் நிறுத்துகிறது, நம் மென்பொருளோ கிழடு, பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறார். நியூசிலாந்தில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷமாக ஒரு சத்தமும் இல்லாமல் கட்டிக் காத்த மனிதர். அவரோடு சண்டை போட முடியுமா?

முடியும். ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதினேன். பிறகு அழித்துவிட்டு, “சரி, நான் என்ன செய்யணும்?” என்று மட்டும் அனுப்பினேன்.

திக்கிப் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள, எனக்குத் தெரிந்து தமிழில் இருந்த ஒரே மன்றம் இது. எங்கள் பக்கத்தில் ‘பைய’ என்றால் மெதுவாக. நான் இதில் நிர்வாகி. நிர்வாகி என்றால் விளம்பரம் போடுகிறவர்களை விரட்டுவது, சண்டை வந்தால் விலக்குவது, காலையில் வாசல் பெருக்குகிற மாதிரி எல்லாப் பக்கத்தையும் ஒரு சுற்று பார்ப்பது. யாரும் கேட்டு நான் இதைச் செய்யவில்லை. இனிமேல் செய்யாதே என்றால் ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது என்று தெரியவில்லை.

மத்தியானம் புளிக்குழம்புக்கு உப்பு போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இவர் வாயிலிருந்து ஒரு விஷயம் வராமல் போவது அபூர்வம்.

டிசம்பர் 5, செவ்வாய்

தை மாத முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்துவிட்டன. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் டி.டி.பி. கடையில் வேலை ஒழுங்காகப் பிரிந்திருக்கிறது. நான் டைப் அடிப்பேன், இவர் பேசுவார். சங்கரலிங்கம் கடை என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். பேச்சு சத்தத்தை வைத்தே வந்துவிடலாம்.

நான் வாயெடுத்தால் இவர் முடித்துவைப்பார். அன்புதான். ‘அந்த மஞ்சள்’ என்று நான் தொடங்கும்போதே “அட்டையா? எடுத்தாச்சு” என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகிவிட்டால் எனக்கு வேண்டாத ஏதோ ஒன்று கைக்கு வந்து சேரும். இல்லை என்று சொல்லி முடிக்க நேரமாகுமே என்று அதையே வைத்துக்கொள்வேன். வீட்டில் இப்படி வந்த குடைகளே மூன்று இருக்கின்றன.

கேஸ் சிலிண்டர் பதிந்தேன். எண்ணை அமுக்கச் சொல்லும் அந்த இயந்திரக் குரலுக்கு நன்றி. அது ஒருநாளும் “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டதில்லை.

டிசம்பர் 7, வியாழன்

ஞானராஜ் பழைய உரையாடல் இழைகளையெல்லாம் ஒரே கோப்பாக ஆக்கித் தருகிறார். எது விட்டுப்போயிற்று என்று நான் பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வருஷத்தை இன்று பார்த்தேன்.

முருகன்குறிச்சியில் இருந்த பிரவுசிங் சென்டர் கண்முன் வந்துவிட்டது. பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை, கட்டம் கட்டமாக உடைந்து வரும் தமிழ் எழுத்து. ஒவ்வொரு தளத்துக்கும் தனி எழுத்துருவை இறக்க வேண்டும். அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்துதான், உலகத்தில் என்னைப் போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். அன்று வெளியே வந்து சைக்கிளை எடுக்காமலே வீட்டுக்கு நடந்துவிட்டேன். மறுநாள் போய் எடுத்துவந்தேன்.

யாரும் தன் பேரை எழுத வேண்டாம், ஊர்ப் பேர் போதும் என்பது ஞானராஜின் முதல் விதி. வேறு எந்தச் சொல் சிக்கினாலும் மாற்றுச் சொல் போட்டுத் தப்பிக்கலாம். சொந்தப் பேருக்கு மாற்று கிடையாது, அதனால் எங்களுக்கு அதுதான் உலகத்திலேயே கஷ்டமான சொல். எனவே நான் பாளை. ஓமலூர், நாசரேத், மேலூர், ஆத்தூர் என்று ஒரு பஸ் ஸ்டாண்டே கூடியிருக்கும். மெயிலில் பேர் வருவதால்தான் ஞானராஜை எனக்குப் பேரோடு தெரியும், தளத்தில் அவரும் நாசரேத்தான்.

இரண்டாவது விதி புள்ளி. ஒருவர் எழுதிக்கொண்டிருந்து கடைசியில் மூன்று புள்ளி வைத்தால் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று அர்த்தம். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் பதில் எழுதக் கூடாது. கீழே ஒரே ஒரு புள்ளி வைக்கலாம். இருக்கிறேன், நீ பைய முடி என்று பொருள். வாழ்க்கை முழுக்க பாதியில் வெட்டப்பட்டவர்களுக்கு அது என்ன மாதிரி இருந்தது என்று இப்போது சொன்னால் யாருக்கும் புரியாது.

என் பதிவும் கிடைத்தது. “நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நீ வாயைத் திறக்காதே என்கிறாள் அம்மா. நான்...” கீழே வரிசையாகப் புள்ளிகள். நாளெல்லாம் வைத்திருக்கிறார்கள். மறுநாள் சாயங்காலம் நான் முடித்திருக்கிறேன்: “எனக்குத் திக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, எனக்குப் பேச்சு நிக்காது, சரியாப் போவும் என்றார்.”

அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். இவரும் கிடைத்திருக்க மாட்டார்.

டிசம்பர் 10, ஞாயிறு

தளத்தில் கூட்டம். ஒரு காலத்தில் அறுநூறு பேர். எல்லோரும் ஃபேஸ்புக் பக்கம் போனார்கள், பிறகு வாட்ஸப். இப்போது நாற்பது பேர் மிச்சம். அடுத்து எங்கே போவது என்று கேட்டேன்.

ஓமலூர் இருபத்தாறு வயதுப் பெண். கையில் எப்போதும் ஒரு திட்டம் வைத்திருப்பாள். “வாட்ஸப் குழு ஆரம்பிக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை குரல் அறையில கூடணும். எல்லாரும் சொந்தப் பேரைச் சொல்லிப் பேசணும். எத்தன நாளைக்குங்க்கா நாம எழுத்துக்குள்ளயே ஒளிஞ்சிருப்போம்?” என்று எழுதினாள். அதற்கு இருபது இதயம்.

முதல் கூட்டம் ஜனவரி 28. நிர்வாகி என்ற முறையில் நான்தான் தொடங்கிவைக்க வேண்டுமாம்.

சரி என்று எழுதிவிட்டேன். சேர விரும்புகிறவர்களுக்காக என் கைபேசி எண்ணையும் போட்டேன். எனக்குப் பயமெல்லாம் இல்லை. பரண் ரொம்ப நாளாக அசுத்தமாக இருந்தது, அதை இன்று ஒழித்தேன். சுவிட்ச் போர்டுகளையும் துடைத்தேன்.

டிசம்பர் 14, வியாழன்

ஆத்தூர் எழுதிவிட்டார். “குரல் என்றால் நான் இல்லை.” அவ்வளவுதான்.

பதினான்கு வருஷமாகத் தினமும் காலையில் ஒரு வரி வானிலை எழுதுகிறவர். ‘இன்றைய வானம்’ என்று அவருக்கென்றே ஒரு இழை. ‘வெயில்.’ ‘தூறல்.’ ‘மேகம், பெய்யாது.’ அதற்கு மேல் தன்னைப் பற்றி ஒன்றும் எழுதியதில்லை. எங்கே வேலை, குடும்பம் உண்டா, எதுவும் தெரியாது. சேலத்துப் பக்கத்து ஆத்தூர் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இழையை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. எனக்கு அது காலைக் காப்பி மாதிரி.

அவர் வரமாட்டேன் என்றதும் பழைய ஆட்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் வரமாட்டேன் என்றார்கள். “பாளை பேசினால் யோசிக்கிறோம்” என்று மேலூர் எழுதியிருக்கிறார். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டிசம்பர் 17, ஞாயிறு

விடாத மழை. பத்திரிகைக் கட்டுகளைப் பரணில் ஏற்றினோம். நல்ல வேளை, ஒழித்து வைத்திருந்தேன்.

டிசம்பர் 18, திங்கள்

கரண்ட் இல்லை. போன் இல்லை. தாமிரபரணியில் வெள்ளம் என்கிறார்கள். மெழுகுவத்தி.

டிசம்பர் 21, வியாழன்

கரண்ட் வந்தது. எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். ஆற்றை ஒட்டியவர்கள் நிலைமை சொல்லும்படியாக இல்லை. இவர் பழைய துணி, போர்வை எல்லாம் திரட்டிக்கொண்டு ஜங்ஷன் பக்கம் போனார்.

தளத்தில் ஓமலூரும் மேலூரும் சண்டை. அதை விலக்கவே பொழுது சரியாகப் போயிற்று. ஆத்தூரைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான். எனக்கும் கோபம் இருக்கிறது, நானும் அந்த இழைப் பக்கம் போகவில்லை.

டிசம்பர் 28, வியாழன்

கடையில் தனியாக இருந்தபோது போன் வந்தது. ஏதோ லேண்ட்லைன் எண். எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கும் ‘ஹலோ’ வரவில்லை. ஹ ரொம்ப மோசமான எழுத்து. கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் இல்லாத லைனுக்காகவா இந்தப் பாடு என்று வெட்டிவிட்டேன்.

ஜனவரி 2, செவ்வாய்

ஓமலூர் பயிற்சிக்காக எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள். அவள் குரலை முதன்முதலாகக் கேட்டேன். “அக்கா” என்ற ஒரு சொல்லை மூன்று முறை தொட்டுத் தொட்டுச் சொல்கிறாள், வெட்கமே இல்லாமல். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதில் எழுத்தில்தான் அனுப்பினேன்.

இந்தப் புதுச் செயலிகளில் ஒன்று கவனித்திருக்கிறேன். எதிராளி டைப் அடிக்கும்போது மூன்று புள்ளி துடிக்கிறது. எங்கள் புள்ளியை உலகமே எடுத்துக்கொண்டது. ஆனால் அது துடிக்கும்போதே மற்றவன் அடுத்த செய்தியைப் போட்டுவிடுகிறான்.

ஜனவரி 4, வியாழன்

மறுபடியும் அதே லேண்ட்லைன் எண், அதே மௌனம். வெட்டினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

மூன்றாவது தடவை. இந்த முறை இவர் எடுத்தார். “ஹலோ. யாருய்யா? கூப்பிட்டுக்கிட்டுப் பேசாம இருந்தா என்ன அர்த்தம்? கடன் வேணுமான்னு கேக்கப் போறியா? வேண்டாம், போ. பொம்பளைங்க நம்பருக்குக் கூப்பிட்டு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான்.” அந்த எண்ணைத் தடுத்துப் போட்டுவிட்டு, “இனிமே வராது” என்று என்னிடம் கொடுத்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. ஓமலூர் எல்லோருக்கும் கரும்புப் படம் அனுப்பினாள். முப்பது பேர் குழுவில் சேர்ந்தாயிற்று. பழைய ஆட்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

கண்ணாடி முன்னால் என் பேரைச் சொல்லிப் பார்க்கவில்லை. தலை வாரத்தான் நின்றேன்.

ஜனவரி 17, புதன்

இன்று எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கோப்பு சரிபார்ப்பில் மிச்சம் இருந்தது ‘இன்றைய வானம்’ மட்டும்தான். கோபத்தில் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தேன். பதினான்கு வருஷத்து வானத்தை ஒரே மூச்சில் படித்தேன். பல நாட்களில் அவர் மழையும் எங்கள் மழையும் ஒன்றாகவே இருந்தன. கடை ஷட்டரில் தண்ணீர் இறங்கிய நாள், மாமியார் காரியத்தன்று பெய்த நாள், எல்லாவற்றுக்கும் அவரும் மழை என்று எழுதியிருக்கிறார். மழை என்றால் எல்லா ஊரிலும் பெய்வதுதானே என்று தள்ளிக்கொண்டே போனேன்.

கடைசிப் பதிவு டிசம்பர் 17. “மழை. நிற்கவில்லை. வாசல் வரைக்கும்...”

மூன்று புள்ளி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நாற்பது பேர் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் ஒருத்தி படிக்கிற இழை, நானும் கோபத்தில் அந்தப் பக்கம் போகவில்லை.

ஓமலூரும் சேலத்துப் பக்கம்தான். அவளிடம் கேட்டேன், அன்றைக்கு உங்கள் பக்கம் மழையா என்று. “ஒரு சொட்டு இல்லீங்க்கா. நல்ல வெயில்.”

அப்படியானால் சேலத்து ஆத்தூர் இல்லை. இதே தாமிரபரணியில் கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஆத்தூர். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். வெள்ளம் போன வழி.

இவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்க நேரமாயிற்று. பாதியில் இவர் “ஆமா, பாவம், வெள்ளத்தில” என்று முடிக்கப் பார்த்தார். கையை நீட்டி நிறுத்தினேன். முழுசாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த லேண்ட்லைன் எண் எனக்கு ஞாபகம் வந்தது. இவருக்கும் வந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“நான் ஏசிட்டேனே பகவதி” என்றார்.

இவராவது ஏசினார். நான் இரண்டு முறை வெட்டினேன். போனில் மௌனம் என்றால் யார், எதனால் என்று இந்த ஊரிலேயே தெரிந்திருக்க வேண்டியவள் நான். அந்தப் பக்கம் அவருக்குச் சொல் வரவில்லை, இந்தப் பக்கம் எனக்கு வரவில்லை. இரண்டு பேரும் எதிரில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

கீழே ஒரு புள்ளி வைத்தேன். ஒரு மாதம் கழித்து.

ஜனவரி 18, வியாழன்

எண்ணின் தடையை எடுத்தோம். நம்பரைப் பார்த்து இவர், “தென்காசிப் பக்கம். நான் பேசுதேன், குடு” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். நான்தான் பேச வேண்டும்.

எழுத்தில் நான் திக்குவதில்லை. அதனால் சொன்னதை எல்லாம் முழுச் சொல்லாகவே எழுதுகிறேன். நடந்தது அப்படி இல்லை.

ஒரு பெண் எடுத்தாள். “ஹலோ, யாரு வேணும்?” யார் வேண்டும் என்று எனக்கே தெரியாதே. பதினான்கு வருஷம் பழகியவரின் பேர் எனக்குத் தெரியாது. நான் உதட்டோடு போராடிக்கொண்டிருக்கும்போதே அவள், “ஹலோ, ஹலோ” என்று வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை அவள் கேட்பதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துகொண்டேன். “ஆத்தூர்” என்று வந்துவிட்டது.

“ஆத்தூரா? எங்க அண்ணனையா கேக்கிய? அவரு போன்ல பேச மாட்டாரம்மா. வீடு மூழ்கிப்போச்சுன்னு இங்க வந்து இருக்காரு. நீங்க யாரு?”

“பாளை. கூப்பிடுங்க.”

காலடிச் சத்தம். போன் கை மாறியது. பிறகு மூச்சு மட்டும். நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இந்த முறை அவர் வெட்டிவிடப் போகிறார், ஆள் இல்லை என்று நினைத்துவிடுவார் என்று தோன்றியது. சொல் வராவிட்டால் என்ன? நகத்தால் போனில் ஒரு தட்டுத் தட்டினேன். டொக்.

ஒரு புள்ளி.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, டொக்.

இவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் புரியாமல் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று இவர் பிறகு சொன்னார்.

அவர் பேசினார். நான் காத்திருந்தேன். நான் பேசியபோது அவர் காத்திருந்தார். கம்ப்யூட்டர் வெள்ளத்தில் போயிற்றாம், கைபேசியும். தளத்தின் கடவுச்சொல் அந்தக் கம்ப்யூட்டரில்தான் பதிந்து கிடந்தது. தங்கை வீட்டில் யாரிடமாவது கைபேசி கேட்டால், யாருக்கு, எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் மன்றத்தைப் பற்றி அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆள் இல்லாத நேரம் பார்த்து லேண்ட்லைனை எடுத்திருக்கிறார்.

“நம்பர் எப்படிக் கிடைச்சுது?”

“நீங்க போட்ட அன்னைக்கே மனசில வச்சுக்கிட்டேன்.”

“குரல்னா நான் இல்லன்னு எழுதினீங்களே.”

“அது கோவத்தில எழுதினது. நம்பர் அதுக்கு முந்தியே மனசில இருந்துச்சு.” பிறகு ரொம்ப நேரம் கழித்து, “பாளைன்னா இந்தப் பாளைதான்னு எனக்குத் தெரியும். ஒருநா வந்து பாத்துருவோமான்னு நெனப்பேன். வந்தா பேசணும்லா.”

பேரைக் கேட்டேன். விதியை நானே மீறினேன். கொம்பையா. அதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு அவசரமே வரவில்லை.

ஜனவரி 20, சனி

என் பழைய கைபேசியை எடுத்துக்கொண்டு இவர் தென்காசிக்குப் போனார். நான் அனுப்பவில்லை, தானாகவே கிளம்பினார். சாயங்காலம் எதிர்பார்த்தேன், இருட்டிய பிறகுதான் வந்தார்.

“நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நல்ல மனுசன். குழுவில சேத்துட்டேன். கிளம்பும்போது என்னமோ சொல்ல ஆரம்பிச்சாரு. எனக்கு நுனி நாக்கு வரைக்கும் வந்துட்டு, இதத்தான் சொல்லப் போறீங்கன்னு. நீ கைய நீட்டினது ஞாபகம் வந்துச்சு. பேசாம நின்னேன்.”

“என்ன சொன்னார்?”

“பஸ்சு போயிருச்சுன்னு சொன்னாரு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரும் சிரித்தார். சாப்பாட்டில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டேன்.

ஜனவரி 24, புதன்

மேலூரும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்துவிட்டார்கள். ஆத்தூரே வந்துவிட்டார், நாங்கள் என்ன என்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான், பாளை பேசுவீர்கள்தானே.

பேசாவிட்டால் இவர்கள் இரண்டு வாரத்தில் கலைந்துவிடுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். எத்தனை குழுக்கள் அப்படிப் போயின.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

நான்கு மணிக்குக் குரல் அறை திறந்தது. இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்து போகச் சொல்லலாமா என்று யோசித்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓமலூர் தொடங்கினாள். அவள் பேர் சுகந்தி. பிறகு ஞானராஜ் பேசினார். இருபது வருஷத்தில் முதல்முறை அவர் குரலைக் கேட்கிறேன். நாசரேத் பேச்சு அப்படியே இருக்கிறது, நியூசிலாந்து ஒன்றும் செய்யவில்லை. ‘வணக்கம்’ என்று சொல்லவே அவருக்கு நேரம் பிடித்தது. எவ்வளவு பெரிய மனிதர் எங்களுக்காக எழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தேன்.

பிறகு நான்.

வணக்கம் வந்தது. ‘நான் பாளை’ என்பதும் வந்தது. ‘என் பேரு’ என்றேன். அவ்வளவுதான். ப என்பது உதடு இரண்டும் பூட்டிக்கொள்ளும் எழுத்து. பாளையில் விட்டுக்கொடுத்தது, சொந்தப் பேரில் விடவில்லை. என் அப்பா அம்மாவுக்கு வேறு பேரே கிடைக்கவில்லை. பூட்டு திறக்கவில்லை. கிட்டத்தட்ட நாற்பது பேர் அந்தப் பக்கம். அம்மா சொன்ன ‘வாயைத் திறக்காதே’ காதில் கேட்டது. வெட்டிவிடலாம் என்று விரல் திரைக்குப் போய்விட்டது.

இவர் வாயைத் திறந்தார். என் பேர் இவர் நாக்கில் தயாராக இருந்தது, நான் பார்த்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டார். கையை எடுத்து என் நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார், அவ்வளவுதான்.

அப்போது போனில் ஒரு சத்தம். டொக்.

யார் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது என்னவென்று நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. இன்னொரு டொக். பிறகு இன்னொன்று. ஓமலூரிலிருந்து, மேலூரிலிருந்து, ஆக்லாந்திலிருந்து, தகரக் கூரையில் மழை விழ ஆரம்பிக்கிற மாதிரி. ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. எல்லோரும் இருந்தார்கள்.

“பகவதி” என்றேன்.

இவர் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அங்கே கழுவ ஒரு பாத்திரமும் கிடக்கவில்லை.

ஜனவரி 31, புதன்

கோப்பு முழுசாக என்னிடம் வந்துவிட்டது. ஞானராஜ் மத்தியானம் தளத்தை நிறுத்துவதாகச் சொன்னார். காலையில் கடைசிப் பதிவை நான் போட்டேன்.

“இந்த இடத்துக்கு நான் சொல்ல நினைப்பது...”

வேண்டுமென்றேதான் முடிக்கவில்லை. கீழே புள்ளிகள் வர ஆரம்பித்தன. காலையெல்லாம் வந்துகொண்டே இருந்தன. பல வருஷமாகக் காணாமல் போயிருந்த ஊர்களெல்லாம் எங்கிருந்தோ வந்து ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போயின. பத்திரிகை புரூஃப் பார்த்துக்கொண்டே அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தபோது பக்கம் வரவில்லை.

நன்றி. இங்கே முடித்துவிடுகிறேன், அங்கே முடிக்காததை.

பிப்ரவரி 2, வெள்ளி

காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். மௌனம். நான் ஒரு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கமும் ஒரு தட்டு.

ஆத்தூருக்குத் திரும்பிவிட்டாராம், நேற்று. சுவரில் வெள்ளம் நின்ற கோடு இருக்கிறதாம், சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறாராம். இதெல்லாம் அவர் கடைசியில் சொன்னது. முதலில் ஒரே ஒரு சொல்தான் சொல்லவந்தார். நான் வாளியைத் தள்ளிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தேன்.

“வெயில்” என்றார்.

போர்வைகளையும் எடுத்து நனைத்துப் போட்டேன்.